சிற்றுயிர்களின் துணிவைச் சொல்லும் அசைவூட்டக் குறும்படம்

சிற்றுயிர்கள் தம் அச்சத்தை வென்று துணிவு பெறும் கதை, அசைவூட்டக் குறும்படங்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் கதைவகைகளுள் ஒன்று. அனிமேஷன் என்று பரவலாக அழைக்கப்படும் அசைவூட்டம், எலி, எறும்பு, குருவி போன்ற உயிர்களைக் கதைமாந்தர்களாக்கி நடிக்க வைக்கும் கலையாகும். இந்தியாவில் இவ்வகைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, பிலிம்ஸ் டிவிஷன் 1974இல் தயாரித்த 'ஏக் அனேக் அவுர் ஏக்தா' என்னும் இந்திக் குறும்படம். வேடனின் வலையில் சிக்கிய பறவைகள் வலையோடு சேர்ந்தே பறந்து தப்பும் கதை அதில் இடம்பெறுகிறது.

இக்கட்டுரை அப்படத்தையும் அதன் மூலக்கதையையும் சான்றாகக் கொண்டு, இத்தகைய படம் எவ்வாறு உருவாகிறது என்பதையும், கண்ணுக்குத் தெரியாத துணிவு என்னும் பண்பு எவ்வாறு காட்சியாகிறது என்பதையும் விளக்குகிறது. இறுதியில், ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதிப் பள்ளிகளில் மாணவர்கள் தாமே செய்து பார்க்கத்தக்க ஒரு பயிற்சி தரப்பட்டுள்ளது.

மூலக்கதை

வலையோடு பறந்த புறாக்களின் கதை பஞ்சதந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் வருகிறது. தமிழில் தாண்டவராய முதலியார் 1826இல் உரைநடையாகத் தந்த பஞ்சதந்திரக் கதை வழியாகவும், பின்னர் பாடநூல்கள் வழியாகவும் இக்கதை பல தலைமுறை மாணவர்களுக்கு அறிமுகமானது.

புறாக்களின் அரசன் சித்திரக்கிரீவன். தானியத்துக்கு ஆசைப்பட்டு இறங்கிய கூட்டம் வலையில் மாட்டிக்கொள்கிறது. தனித்தனியே சிறகடித்தால் வலை மேலும் இறுகும் என்பதால், எல்லாரும் ஒரே நேரத்தில் எழும்பிப் பறக்க வேண்டும் என்று அரசன் சொல்கிறான். வேடன் பின்தொடர்ந்து ஓடுகிறான். பறவைகளுக்குள் சண்டை வந்தால் வலையோடு கீழே விழும் என்பது அவன் எதிர்பார்ப்பு. சண்டை வரவில்லை. புறாக்கள் இரணியகன் என்னும் எலியின் வளைக்கு அருகே இறங்குகின்றன.

கதையில் துணிவு மூன்று இடங்களில் வெளிப்படுகிறது. முதலாவது, சிக்கிய கூட்டம் பதற்றத்தை அடக்கிச் சேர்ந்து எழும்புவது. இரண்டாவது, எலி வெளியே வருவது. பகைக்கு அஞ்சித் தன் வளைக்கு நூறு வாயில்கள் அமைத்துக்கொண்ட எலி அது. சிறகொலி கேட்டதும் உள்ளே பதுங்கி, யார் என்று கேட்கிறது. நண்பனின் குரலைக் கேட்ட பிறகே வெளியே வருகிறது. மூன்றாவது, முதலில் தன் கட்டை அறுக்க வந்த எலியைத் தடுத்து, தன் கூட்டத்தாரை முதலில் விடுவிக்குமாறு அரசன் கேட்பது. எலியின் பல் இடையில் முறிந்துபோகலாம், வேடன் வந்துவிடலாம் என்பதை அறிந்தே அவன் அப்படிக் கேட்கிறான்.

இம்மூன்று இடங்களிலும் எந்த உயிரும் உருவத்தில் பெரிதாகவில்லை. புதிய ஆற்றல் எதுவும் பெறவில்லை. அச்சம் நீங்கவும் இல்லை. அச்சம் இருக்கும்போதே ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. சிற்றுயிர்க் கதைகளில் துணிவு என்பது இதுவே. இப்பொருளில் படம் எடுக்க விரும்புவோர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய கருத்தும் இதுவே.

பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவு

இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் மும்பையில் கார்ட்டூன் படப் பிரிவு ஒன்றை நடத்தியது. டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் 1956இல் இந்தியா வந்து இப்பிரிவின் ஓவியர்களுக்குப் பயிற்சி அளித்தார். புத்த சாதகக் கதை ஒன்றைத் தழுவிய 'தி பான்யன் டீர்' என்னும் படம் 1957இல் இங்கு உருவானது. மான்களைக் கதைமாந்தர்களாகக் கொண்ட படம் அது.

அப்போது பயிற்சி பெற்றவர்களுள் ஒருவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்ற இவர் பின்னாளில் இந்திய அசைவூட்டத்தின் தந்தை என்று அழைக்கப்பட்டார். 2014இல் பத்மஸ்ரீ விருது பெற்ற இவர் 2019இல் காலமானார். 1961இல் பின்னணி ஓவியராகப் பிலிம்ஸ் டிவிஷனில் சேர்ந்த பீம்சேன், ராம் மோகனிடம் அசைவூட்டம் கற்றார். பீம்சேனின் 'தி கிளைம்ப்' (1970) சிகாகோ திரைப்பட விழாவில் சில்வர் ஹியூகோ விருது பெற்றது. அடுத்து அவர் பணியாற்றிய படங்களுள் ஒன்றே 'ஏக் அனேக் அவுர் ஏக்தா'. பிலிம்ஸ் டிவிஷன் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது.

'ஏக் அனேக் அவுர் ஏக்தா'

படத்தின் பெயருக்கு 'ஒன்று, பல, ஒற்றுமை' என்பது பொருள். நீளம் ஏறத்தாழ 7 நிமிடம். இயக்கியவர் விஜயா முலே (1921–2019). இவர் தொழில்முறை அசைவூட்டக் கலைஞர் அல்லர். கல்வியாளர், ஆவணப்பட இயக்குநர். அசைவூட்டத்தைப் பீம்சேனும் இசையை வசந்த் தேசாயும் செய்தனர். பின்னாளில் பின்னணிப் பாடகியாகப் புகழ்பெற்ற சாதனா சர்கம், சிறுமியாக இருந்தபோது இப்படத்தில் பாடினார். சிறந்த கல்விப் படத்துக்கான தேசிய விருது பெற்ற இப்படம், தூர்தர்ஷனில் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது.

படத்தின் அமைப்பு எளியது. ஒரு சிறுவன் அக்காவிடம் 'பல' என்றால் என்ன என்று கேட்கிறான். அக்கா வரையறை சொல்வதில்லை. சூரியன் ஒன்று, நிலவு ஒன்று, விண்மீன்கள் பல என்று காட்டுகிறாள். பிறகு அணில், வண்ணத்துப்பூச்சி, பறவை என்று ஒவ்வொன்றும் முதலில் ஒன்றாகவும் பின்னர் பலவாகவும் திரையில் தோன்றுகின்றன. பறவைகள் பலவாகிய இடத்திலிருந்து கதை தொடங்குகிறது. தானியம், வலை, அச்சம், சேர்ந்து பறத்தல், நண்பர்களான எலிகள் வலையை அறுத்தல் என்று மூலக்கதை சுருக்கமாக வருகிறது. கதை முடிந்ததும் குழந்தைகள் தாமே ஒன்றுசேர்ந்து மரத்திலுள்ள மாம்பழத்தைப் பறிக்கிறார்கள்.

மூலக்கதையோடு ஒப்பிட்டால் மூன்று மாற்றங்கள் தெரிகின்றன. பஞ்சதந்திரத்தில் எலி ஒன்று. படத்தில் எலிகள் பல. மூலத்தில் அரசனின் பண்பு முன்னிற்கிறது. படத்தில் கூட்டத்தின் செயல் முன்னிற்கிறது. மூலக்கதை அறிவுரையை நோக்கிச் செல்கிறது. படம் குழந்தைகளின் ஒரு செயலில் முடிகிறது. பறவைகள் செய்ததைத் தாமும் செய்யலாம் என்பதைக் குழந்தைகள் செய்து காட்டிவிடுவதால் தனியே அறிவுரை தேவைப்படவில்லை. பழைய கதையைப் படமாக்கும்போது எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதற்கு இது நல்ல பாடம்.

உருவாக்கும் படிநிலைகள்

அசைவூட்டப் படத்தில் படப்பிடிப்புக்குப் பிறகு காட்சிகளைக் குறைப்பது வீண் செலவு. வெட்டி எறியும் ஒவ்வொரு நொடியும் பல நாள் உழைப்பு. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகிறது. 7 நிமிடப் படத்துக்கு 10,080 சட்டகங்கள் வேண்டும். ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் 5,040 ஓவியங்கள். அசையாத இடங்களும் திரும்ப வரும் அசைவுகளும் இந்த எண்ணிக்கையைக் குறைக்கும் என்றாலும், வேலையின் அளவு இதிலிருந்து விளங்கும். எனவே முடிவுகள் யாவும் வரைவதற்கு முன்பே எடுக்கப்படுகின்றன.

1. கரு. கதையை மூன்று கேள்விகளுக்கு விடையாக எழுத வேண்டும். இந்த உயிர் எதற்கு அஞ்சுகிறது? அஞ்சி ஒதுங்கினால் எதை இழக்கும்? அஞ்சியபடியே என்ன செய்கிறது? மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் கதை இன்னும் ஆயத்தமாகவில்லை என்று பொருள்.

2. கவனிப்பு. உண்மையான உயிரைப் பார்த்து வரைய வேண்டும். அணில் அஞ்சும்போது வாலை எப்படி வைத்துக்கொள்கிறது, குருவி இரை கொத்துவதற்கு முன் எத்தனை முறை தலையைத் திருப்புகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அச்சத்தின் அசைவுகளை இயற்கையே கற்றுத் தருகிறது.

3. உருவ அமைப்பு. ஒவ்வொரு கதைமாந்தரையும் முன், பக்கம், பின் எனப் பல கோணங்களில் ஒரே தாளில் வரைவர். இது மாதிரித் தாள் எனப்படும். சிற்றுயிர்ப் படத்தில் இதனுடன் ஓர் அளவு ஒப்பீட்டுத் தாளும் தேவை. எலியின் பக்கத்தில் மனிதக் கால், செருப்பு, நெல்மணி ஆகியவற்றை வரைந்தால்தான் அதன் சிறுமை நிலையாக இருக்கும். இல்லாவிட்டால் ஒரு காட்சியில் சுண்டெலியாக இருந்தது மறு காட்சியில் பெருச்சாளியாகிவிடும்.

4. கதைப்பலகை. ஸ்டோரிபோர்டு எனப்படும் இது, காட்சிகளைச் சிறு கட்டங்களாக வரிசையாக வரைந்து காட்டுவது. இக்கட்டங்களைப் படமெடுத்து, தற்காலிக ஒலியுடன் ஓடவிட்டுப் பார்ப்பது அனிமேட்டிக் எனப்படும். கதை புரிகிறதா, எங்கே சலிப்புத் தட்டுகிறது என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

5. ஒலி. பாட்டும் பேச்சும் உள்ள படங்களில் ஒலியை முதலில் பதிவு செய்வது வழக்கம். எந்தச் சொல் எத்தனை சட்டகங்கள் நீடிக்கிறது என்று அட்டவணையிட்டு, அதற்கேற்ப ஓவியங்கள் வரையப்படுகின்றன.

6. அசைவு. ஓர் அசைவின் முக்கிய நிலைகளை முதன்மை ஓவியர் வரைவார். இடைப்பட்ட நிலைகளை உதவியாளர்கள் நிரப்புவர். 1974இல் இவை ஒளி ஊடுருவும் தாள்களில் வண்ணம் தீட்டப்பட்டு, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து ஒவ்வொரு சட்டகமாகப் படமெடுக்கப்பட்டன. இன்று இவ்வேலை பெரும்பாலும் கணினியில் நடக்கிறது. முறை மாறினாலும் முதல் நான்கு படிநிலைகள் மாறவில்லை.

துணிவைக் காட்சியாக்கும் உத்திகள்

"நான் இனி அஞ்ச மாட்டேன்" என்று ஓர் எலி சொல்வதால் பார்வையாளர் அதை நம்புவதில்லை. செயலில் தெரிய வேண்டும். அதற்குக் கைகொடுக்கும் உத்திகள் சில உள்ளன.

முன்னசைவு: எந்தப் பெரிய அசைவுக்கும் முன்னால் எதிர்த்திசையில் ஒரு சிறிய அசைவு வரும். தாவும் முன் உடல் பின்னுக்குக் குறுகும். டிஸ்னி கலைஞர்கள் பிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981இல் தம் நூலில் தொகுத்துத் தந்த 12 அசைவூட்டக் கோட்பாடுகளுள் இதுவும் ஒன்று. துணிவைக் காட்ட இதைவிடப் பயனுள்ள கருவி இல்லை. பின்வாங்குவது போலத் தோன்றும் உடல், அடுத்த நொடியில் முன்னே பாய்கிறது. அந்தக் குறுகலை நீட்டினால் தயக்கம்; சுருக்கினால் உறுதி.

பார்வைக் கோணம்: கேமராவைச் சிற்றுயிரின் கண்மட்டத்துக்கு இறக்கினால் புல் மரமாகிறது, வேடனின் கால் தூணாகிறது. அச்சம் ஏன் நியாயமானது என்பது பார்வையாளருக்கு விளங்குகிறது.

தாளம்: புறாக்கதையைப் படமாக்குவோர் சிறகடிப்பின் தாளத்தைக் கொண்டே கதையைச் சொல்லிவிடலாம். ஒரு சிறகடிப்பைச் சில ஓவியங்களில் வரைந்து திரும்பத் திரும்ப ஓடவிடுவது வழக்கம். ஒவ்வொரு பறவையின் சிறகடிப்பையும் வெவ்வேறு நேரத்தில் தொடங்கினால் வலைக்குள் குழப்பம் தெரியும். பிறகு இரண்டு, நான்கு, எட்டு என்று பறவைகள் ஒரே தாளத்துக்கு வந்துசேர, எல்லாச் சிறகும் ஒன்றாகத் தாழும் கணத்தில் வலை தரையை விட்டு எழும்ப வேண்டும். ஒற்றுமை என்ற சொல்லே தேவைப்படாது.

அமைதி: முடிவெடுக்கும் கணத்தில் இசையை நிறுத்துவது நல்லது. ஆரவார இசை துணிவைப் பெருமிதமாக மாற்றிவிடும்.

பிற நாட்டு எடுத்துக்காட்டுகள்

பிக்சார் நிறுவனத்துக்காக ஆலன் பாரிலாரோ இயக்கிய 'பைப்பர்' (2016) ஏறத்தாழ 6 நிமிடப் படம். பேச்சே இல்லை. கடற்கரையில் வாழும் உள்ளான் குஞ்சு ஒன்று தன் இரையைத் தானே தேடப் போகிறது. அலை அதை மூழ்கடிக்கிறது. நனைந்து நடுங்கிக் கூட்டுக்கு ஓடிவிடுகிறது. பசி மறுபடி வெளியே துரத்துகிறது. தன்னைவிடச் சிறிய துறவி நண்டு ஒன்று, அலை வரும்போது ஓடாமல் மணலுக்குள் புதைந்துகொள்வதைப் பார்த்துத் தானும் அவ்வாறே செய்கிறது. தண்ணீருக்கடியில் கண்ணைத் திறந்து பார்த்தபோது, அச்சுறுத்திய அதே அலை இரையின் இருப்பிடத்தைக் காட்டுகிறது. இப்படம் சிறந்த அசைவூட்டக் குறும்படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்றது. அலை சிறிதாகவில்லை, குஞ்சும் பெரிதாகவில்லை. அலையை எதிர்கொள்ளும் வழி ஒன்று தெரியவந்தது. வழிகாட்டியும் பெரியவர் அல்லர், இன்னொரு சிற்றுயிர். புறாவுக்கு எலி உதவியதும் இப்படித்தான்.

லாட்வியா நாட்டு இயக்குநர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் எடுத்த 'ஃப்ளோ' (2024) முழுநீளப் படம். வெள்ளத்தில் சிக்கிய பூனை ஒன்று வேறு விலங்குகளுடன் ஒரே படகில் பயணம் செய்யக் கற்றுக்கொள்கிறது. இதிலும் மனிதப் பேச்சு இல்லை. 'பிளெண்டர்' என்னும் கட்டணமற்ற மென்பொருளில் உருவான இப்படம் 2025இல் ஆஸ்கார் விருது பெற்றது. பெரும் பொருட்செலவு இல்லாமலும் தரமான படம் எடுக்கலாம் என்பதற்கு இது சான்று.

பள்ளியில் செய்து பார்த்தல்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் எனத் தொடரும் தொழிற்பூங்காக்களுக்குப் பல மாநிலங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் வந்துள்ளன. இப்பகுதி வகுப்பறைகளில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு அருகில் இந்தியோ ஒடியாவோ வங்காளமோ பேசும் பிள்ளையும் அமர்ந்திருப்பதுண்டு. புதிய மொழியில் முதல் சொல்லைப் பேச அஞ்சும் குழந்தைக்கு, பேச்சில்லாத படத்தில் மற்றவர்களுக்குச் சமமான பங்கு உண்டு. கீழ்வரும் பயிற்சி அதை மனத்தில் கொண்டு அமைந்தது.

கதை: தொழிற்சாலைச் சுற்றுச்சுவரை ஒட்டிய புளியமரம் ஒன்றில் வெட்டுவதற்கான எண் எழுதப்பட்டிருக்கிறது. மரத்தில் அணிற்கூடு, கூட்டில் இரண்டு குட்டிகள். ஆட்கள் வந்து கயிறு கட்டுகிறார்கள். சுவரின் மறுமுனையில் ஒரு வேப்பமரம் உள்ளது. சுவரின் நடுவில் பூனை ஒன்று உறங்குகிறது. தாய் அணில் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு சுவரின் மேல் ஓடுகிறது. பூனையின் காது அசைகிறது. அணில் தாண்டிவிடுகிறது. குட்டியை வேப்பமரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறது. இப்போது பூனை விழித்திருக்கிறது.

அணில் கூடு மாற்றும்போது குட்டியை வாயில் கவ்விச் செல்வது இயற்கையான பழக்கம். முதல் ஓட்டத்தில் இடர் எவ்வளவு என்று அணிலுக்குத் தெரியாது. இரண்டாவது முறை தெரிந்தே போகிறது. துணிவு அந்த இரண்டாவது ஓட்டத்தில்தான் இருக்கிறது. பூனையை எப்படித் தாண்டியது என்பதை மாணவர்கள் முடிவு செய்யட்டும். அணில் பூனையை அடித்து வீழ்த்தும் முடிவை மட்டும் ஏற்க வேண்டாம்; அப்போது அது அணிலாக இருக்காது.

செய்முறை: அட்டையில் அணிலின் தலை, உடல், வால், கால்களைத் தனித்தனியே வெட்டி நூலால் இணைக்கவும். பின்னணியைச் சார்ட் தாளில் வரைந்து தரையில் விரிக்கவும். கைப்பேசியை அசையாதபடி மேலே பொருத்தி, உருவத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுக்கவும். நொடிக்கு 12 படம் போதும். 40 நொடிப் படத்துக்கு 480 படங்கள். நான்கு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு 120 படம் வரும். ஒருவர் நகர்த்த, ஒருவர் படமெடுக்க, ஒருவர் எண்ணிக்கை குறிக்க, ஒருவர் கதைப்பலகையோடு ஒப்பிட்டுப் பார்க்க என்று முறை மாற்றிக்கொள்ளலாம். கணினி இருந்தால் 'பென்சில்2டி', 'ஓபன்டூன்ஸ்' போன்ற கட்டணமற்ற மென்பொருள்களையும் பயன்படுத்தலாம். ஒலிக்குத் தாளைக் கசக்கும் ஓசை, விரல்நகத் தட்டல், பிள்ளைகளின் மூச்சொலி ஆகியவை போதும்.

தவிர்க்க வேண்டியவை

அச்சப்படும் உயிரைக் கேலிப்பொருளாக்குவது முதல் பிழை. படம் பார்க்கும் குழந்தை அந்த உயிரோடுதான் தன்னைப் பொருத்திப் பார்க்கிறது. திடீரென்று மாய ஆற்றல் தருவது இரண்டாவது பிழை. அது துணிவை நற்பேறாக மாற்றிவிடுகிறது. ஆபத்தில் குதிப்பதையே துணிவு என்று காட்டுவது மூன்றாவது. சித்திரக்கிரீவனும் உள்ளான் குஞ்சும் கண்மூடிப் பாயவில்லை; வழி கண்டுகொண்டு செயல்பட்டன. உதவி கேட்பதைக் கோழைத்தனமாகக் காட்டுவது நான்காவது. வலையோடு பறந்த புறாக்களால் வலையைத் தாமே அறுக்க முடியவில்லை. எலியின் வாசலில் இறங்கி உதவி கேட்டதும் அவற்றின் துணிவில் ஒரு பகுதியே.